எங்க வீட்டு மனுஷன்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் மூன்றாவது இடம். பல் தேய்ப்பதற்கு முன்பே பார்த்துவிடுகிறேன். "குறட்டை நிற்க என்ன செய்வது" என்று எவர் எங்கிருந்து தேடினாலும் மூன்றாவதாக என் வீடு வந்து நிற்கிறது. வீடு என்று எழுதிவிட்டேன். வெப்சைட்.

பதினொரு மணிக்குத் தரகர் கூப்பிட்டார். சின்னச் சின்ன வெப்சைட்டுகளை விற்றுக்கொடுப்பவர். நான்கு வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. முதலில் இருமுவார், பிறகுதான் "மேடம்" என்பார். குறட்டை சைட்டுக்கு ஆள் வந்திருக்கிறதாம். சொன்ன விலையைக் கேட்டு நான் மறுபடி சொல்லச் சொன்னேன். இதற்கு முன் விற்ற மூன்றும் — மீன்தொட்டிப் பாசி, தையல் மெஷின் ஊசி, எண் மறந்துபோன பெட்டிப் பூட்டு — மொத்தமாகச் சேர்த்தாலும் இதில் பாதி வராது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. மாடியில் துணி காயப்போட வந்த கீழ்வீட்டம்மாவிடம், "ஒரு வெப்சைட்டை விக்கப்போறேன்" என்றேன். "நல்லது. ரோட்டுமேல இருக்கா, உள்ள தள்ளியா?" என்று கேட்டார்.

உள்ளே தள்ளித்தான்.

மார்ச் 5, புதன்

விற்கப் போகிறவள் சரக்கை ஒருமுறை முழுக்கப் பார்க்க வேண்டாமா என்று முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கட்டுரைகள். இத்தனையையும் இந்த ஒரு மேசையில், இந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். நாற்காலியின் வலது கை உடைந்து இரண்டு வருடமாகிறது.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்கும் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். பிறகு அதை மெஷினே கேட்டு மெஷினே அடிக்க ஆரம்பித்தது. பதினொரு பெண்களை ஒரே மத்தியானத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் கற்றுக்கொண்டதுதான் இது. ஜனங்கள் கவலைப்படுகிற ஏதாவது ஒரு சின்ன விஷயத்தைப் பிடிக்க வேண்டும். அதைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். நடுவே கடைக்காரர்களின் பொருளைக் காட்ட வேண்டும். படிக்கிறவர்கள் அதைத் தொட்டு வாங்கினால் நமக்குக் கமிஷன். கூட்டம் சேர்ந்ததும் சைட்டையே விற்றுவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

குறட்டையில் முதல் பத்துக் கட்டுரைகளை ஒரு ஈ காக்கைகூடப் படிக்கவில்லை. பதினோராவதை, ஏன் என்று தெரியாமல், இப்படித் தொடங்கினேன்: "எங்க வீட்டு மனுஷன் நேற்று ராத்திரி விட்ட குறட்டையில் ஜன்னல் கொக்கி கழன்று விழுந்தது."

அன்றிலிருந்து அவர்தான்.

செய்தித்தாளை நெஞ்சின்மேல் விரித்தபடி தூங்கிவிடுவார். பாட்டு வரிகளைத் தப்பாகப் பாடுவார். குறட்டை விட்டீர்கள் என்றால் "நானா?" என்பார். நான் சளி பிடித்துப் படுத்திருந்த வாரம் காலையில் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். வியாழக்கிழமைதோறும் புதுக் கட்டுரை. வாசகர்கள் கமெண்ட்டில் அவரை விசாரிக்கிறார்கள். "உங்க வீட்டு மனுஷனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்." நானும் சொல்கிறேன் என்று பதில் போடுகிறேன்.

வீட்டில் நான் மட்டும்தான். நிஜக் கணவர் தவறிப்போய் ஒன்பது வருடம். சத்தமில்லாத மனிதர். போனதும் சத்தமில்லாமல்தான்.

மார்ச் 9, ஞாயிறு

வெளிநாட்டிலிருந்து மகள் பேசினாள். பதினோரு நிமிடம். அங்கே இன்னும் குளிர் விடவில்லையாம். வேலை பார்க்கிற கிடங்கில் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்களாம். "என்னம்மா பண்றீங்க?" என்றாள். தலையணை விளம்பரம் மாதிரி ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். எப்போதும் அப்படித்தான் சொல்வது. அவள் சிரித்தாளா, லைன் கரகரத்ததா?

மார்ச் 13, வியாழன்

வாங்குகிறவர் நேரில் பேசினார். நேரில் என்றால் திரையில். மரியாதையான ஆள், நாற்பது வயது இருக்கும். கணக்கெல்லாம் பார்த்துவிட்டாராம், திருப்தியாம். இரண்டு விஷயம் மட்டும் கேட்டார். ஒன்று, எங்க வீட்டு மனுஷனின் போட்டோ. முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பின்பக்கமிருந்து எடுத்தது போதும். இரண்டு, நான் போன பிறகு போடுவதற்கு அவரைப் பற்றி முப்பது கட்டுரைகள் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.

"ஜனங்க குறட்டைக்காக வரல மேடம். அவருக்காக வராங்க. நான் வாங்கறதே அவரைத்தான்" என்றார்.

போட்டோ எடுக்க அவர் சம்மதிக்க மாட்டார் என்று சொல்லிவிட்டேன். நாக்கு கூசாமல் வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

முப்பதில் நான்கு முடிந்தது. அவர் கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தலையிலேயே வைத்துக்கொண்டு தேடுவது நன்றாக வந்திருக்கிறது. எழுதும்போது சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

மகள் இன்று பேசவில்லை. ஷிஃப்ட்.

மார்ச் 18, செவ்வாய்

டிரைவர் வீட்டம்மா எழுதியிருக்கிறார். கமெண்ட்டில் அந்தப் பெயரில்தான் வருவார். மூன்று வருடமாக ஒரு கட்டுரை விடாமல் படிப்பவர். கணவர் தூரத்து ஊர்களுக்குப் பஸ் ஓட்டுகிறார். வழக்கமாக இரண்டு வரி எழுதுவார், இன்று ஒரு பக்கம். கமெண்ட்டில் போடாமல் எனக்கு மட்டும் அனுப்பியிருக்கிறார்.

அவர் கணவருக்குக் குறட்டை நடுவில் நின்றுவிடுகிறதாம். சத்தம் மட்டும் இல்லை, மூச்சே. இவர் விழித்துக்கொண்டு எண்ணுவாராம். இருபது வரைகூடப் போகுமாம். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவர்போலத் திணறி மூச்சை இழுப்பாராம். காலையில் தலைவலி. போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டின் முன்னாலேயே தூங்கிவிட்டாராம்.

"உங்க 'நடுவில் சத்தம் நின்றால்' பக்கம் படிச்சதும்தான்க்கா நிம்மதி. உங்க வீட்டு மனுஷனுக்கும் இதே மாதிரி நின்னு, அந்தத் தலையணையில சரியாச்சுன்னு எழுதியிருந்தீங்களே. அதே தலையணை வாங்கிட்டேன். எத்தனை நாள்ல சரியாகும்?"

அந்தப் பக்கம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தலையணைக் கம்பெனி அனுப்பிய நோட்டீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே மத்தியானத்தில் எழுதியது. "நடுவில் நின்றால் பயப்பட ஒன்றுமில்லை, கழுத்து சரியாக அமையவில்லை, அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறேன். சைட்டிலேயே அதிகம் சம்பாதித்துத் தரும் பக்கம் அதுதான்.

மார்ச் 19, புதன்

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். என்னுடையது மாதிரி சைட்டுகளை அல்ல, டாக்டர்கள் எழுதியதை.

தூக்கத்தில் மூச்சு நிற்பது ஒரு நோய். பெயர் தெரிந்த நோய். இருதயம் கெடும். பகலில் தூக்கம் அள்ளிக்கொண்டு போகும். வண்டி ஓட்டுகிறவர்கள் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

எனக்கென்ன, தெரியாதா? பன்னிரண்டு வருஷம் காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு டாக்டருங்க சொன்னதை அடிச்சவதானே நான். இந்த நோயோட பேரை எத்தனை தடவை அடிச்சிருப்பேன். விரலுக்குத் தெரியும். தலையணை விக்கணும்னு உக்காந்த அன்னிக்கு விரல் எங்க போச்சு?

டிரைவர் வீட்டம்மாவுக்கு எழுதினேன். உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள், தலையணையை நம்ப வேண்டாம் என்று. பக்கத்தை மாற்றவில்லை. விற்பனை முடிந்ததும் வாங்குகிறவரிடம் சொல்லி மாற்றச் சொல்லலாம். சொல்லலாம்தானே?

மார்ச் 22, சனி

பதில் வந்துவிட்டது. கணவர் டாக்டரிடம் வர மாட்டாராம்.

டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்தால் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுமாம். போன வருடம் ஒருவரை அப்படித்தான் கண்பார்வை என்று சொல்லி இறக்கினார்களாம். அவர் இப்போது டிப்போ வாசலில் டயருக்குக் காற்று அடிக்கிறாராம்.

கடைசி வரி: "உங்க வீட்டு மனுஷன் டாக்டர்கிட்ட போகாமத்தானேக்கா சரியானாரு?"

மார்ச் 25, செவ்வாய்

கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் இடம் கிடைத்தது. வழியெல்லாம் மேலே இருந்த கண்ணாடியில் அவர் கண்களையே பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு முறை கொட்டாவி விட்டார். மூன்றாவது முறை, சிக்னலில், கண்ணை மூடித் திறந்தார். சாதாரணமாக எல்லோரும் மூடித் திறப்பதுதான். பக்கத்தில் ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே எதையோ காட்டிக்கொண்டிருந்தாள்.

இறங்க வேண்டிய இடத்துக்கு மூன்று ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

மார்ச் 26, புதன்

தரகரிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன். ஒரு பக்கத்தில் தப்பு இருக்கிறது, திருத்தினால் வருமானம் குறையும், விலை குறையுமா என்று. இருமினார். எந்தப் பக்கம் என்றதும் இன்னும் கொஞ்சம் இருமினார்.

அடுத்த வாரம் வெள்ளிக்குள் கையெழுத்தாகிவிடுமாம், அதுவரை எதையும் தொடக் கூடாதாம். "படிக்கறவங்க எல்லாத்தையும் நிஜம்னா எடுத்துக்கறாங்க மேடம்? பொழுதுபோக்குக்குப் படிக்கறாங்க" என்றார்.

வேலை பார்க்க உட்கார்ந்தேன். முப்பதில் ஒன்பதாவது. எங்க வீட்டு மனுஷன் வாய் திறக்கவே இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

டிரைவர் வீட்டம்மாவிடமிருந்து நான்கு வரி. வெள்ளிக்கிழமை விடிகாலையில் கணவர் ஓட்டிய பஸ் நடுத்திட்டின்மேல் ஏறிவிட்டது. பயணிகளில் யாருக்கும் அடி இல்லை. முன்சக்கரம் போய்விட்டது. குறுக்கே நாய் வந்தது என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

"நாயெல்லாம் வரலக்கா."

மகள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள்.

மார்ச் 31, திங்கள்

டிரைவர் வீட்டம்மாவுக்கு என் போன் நம்பரை அனுப்பினேன். நான்கு வருடத்தில் எந்த வாசகருக்கும் கொடுத்ததில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலை பத்தேகாலுக்குக் கூப்பிட்டார். நான் நினைத்ததைவிட இளம் குரல். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் நெனச்ச மாதிரியே பேசறீங்க" என்றார். அது இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

முதலில் சுற்றி வளைத்தேன். பரிசோதனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு ராத்திரி அங்கே படுக்க வேண்டும், மருந்துகூட வேண்டியிருக்காது, மூக்கில் காற்றுக் குழாய் மாட்டினால் சரியாகிவிடும் என்றெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினார். எல்லாம் முடிந்ததும், "உங்க வீட்டு மனுஷனுக்கும் இதேதானேக்கா இருந்துச்சு?" என்றார்.

"இல்லம்மா."

"அவருக்கு இவ்ளோ நேரம் நிக்காதா?"

"அவரே இல்லம்மா."

பாத்திரச் சத்தம் நின்றது. "ஐயோ. எப்பக்கா? சொல்லவே இல்லையே. வியாழக்கிழமைகூட எழுதியிருந்தீங்களே."

"சாகலம்மா. அப்படி ஒரு ஆள் இருந்ததே இல்ல. நானா எழுதினது. இந்த வீட்ல நான் ஒருத்திதான். குறட்டை விடறதுக்கு இங்க யாரும் கிடையாது. தலையணை வித்தா எனக்குக் கமிஷன். அதுக்காக அந்தப் பக்கத்தை எழுதினேன். அதுல இருக்கறது பொய். தயவு செஞ்சு அவரைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

குழாயை மூடும் சத்தம் கேட்டது. துண்டித்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"கழுத்து வலிக்குதுன்னு சொன்னாருக்கா" என்றார் கடைசியில். கத்தவில்லை. "ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டிருக்காரு. நான்தான், அந்த மனுஷன் எவ்ளோ ஒழுங்கா படுத்து சரியாக்கிக்கிட்டாரு, உங்களுக்கென்னன்னு திட்டித் திட்டிப் படுக்க வெச்சேன்."

பிறகு துண்டித்துவிட்டார். திரும்ப மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இதுவரை அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத மனம் வரவில்லை. அதில் எத்தனை டிரைவர்? எத்தனை பேர் ராத்திரி விழித்துக்கொண்டு இருபது வரை எண்ணிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று திரும்பிப் படுத்தார்கள்?

முதல் பக்கத்திலேயே எழுதிப் போட்டேன். எங்க வீட்டு மனுஷன் என்று யாரும் இல்லை. நான் இதற்கு முன் டாக்டர்கள் சொன்னதை டைப் அடித்தவள், இந்த சைட்டில் எனக்கு இப்படித்தான் வருமானம் வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்றால் டாக்டரிடம் போங்கள். நான் எழுதியது தப்பு.

பதினான்கு வரி. நான்கு மணி நேரம் ஆயிற்று. பிறகு அவர் வருகிற கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஜன்னல் கொக்கி. வெந்நீர். செய்தித்தாள். கடைசிக் கட்டுரையை எடுக்கும்போது ஒரு மனிதரை வீட்டை விட்டு அனுப்புகிற மாதிரியே இருந்தது. இரண்டாவது தடவை.

ஏப்ரல் 3, வியாழன்

வாங்குகிறவர் விலகிக்கொண்டார். ஒரு வரி, மரியாதையாக. தரகர் இருமவில்லை. "ஏன் மேடம், ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை. எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கமெண்ட்டுகளை இன்றுதான் திறந்தேன். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன். நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள். இரண்டு பேர் அறிவிப்பைப் பாதி படித்துவிட்டு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருக்கிறார்கள். ஒருவர் தலையணைக் காசைத் திருப்பிக் கேட்கிறார். ஒரு பெண் எழுதியிருக்கிறார்: "நான்கு வருஷமா என் புருஷனை உங்க ஆளோட ஒப்பிட்டுச் சண்டை போட்டேன். அவர்கிட்ட இப்ப நான் என்னன்னு சொல்றது?"

அதை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மகள் கூப்பிட்டாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"அம்மா, அவரை ஏன் எடுத்துட்டீங்க?"

யாரை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் புரிந்துபோயிற்று. கட்டிலில் உட்கார்ந்தேன்.

இரண்டு வருடமாகப் படிக்கிறாளாம். அறையில் கூட இருக்கிற பெண் குறட்டை விட்டுத் தூங்கவிடாததால் தேடியிருக்கிறாள். மூன்றாவதாக என் சைட். திறந்து ஒரு பத்தி படித்ததுமே தெரிந்துவிட்டதாம். "குறட்டையைப் பூனை பால் குடிக்கிற சத்தம்னு உங்களைத் தவிர வேற யாரும்மா எழுதுவாங்க?" அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் கிடங்குக்குப் போகிற பஸ்ஸில் படிப்பாளாம்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனாம். அதுவும் உண்மைதான்.

"அது அப்பா இல்லன்னு தெரியும்மா. அப்பா எந்தக் காலத்துல உங்களுக்கு வெந்நீர் வெச்சுக் குடுத்தாரு? ஆனா எனக்கு அவரைப் பிடிச்சிருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "வீட்ல நீங்க தனியா இல்லன்னு நெனச்சுக்குவேன். படிச்சு முடிக்கிற வரைக்கும்."

அழைப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு டிரைவர் வீட்டம்மாவைப் பற்றிச் சொன்னேன். முழுக்க. குறுக்கே பேசாமல் கேட்டாள். எடுத்தது சரிதான் என்றாள். வைக்கப் போகும்போது, "இன்னொண்ணும்மா. நம்ம வீட்ல அப்பா குறட்டை விட்டதே இல்ல. நீங்கதான் விடுவீங்க. சின்ன வயசுல எனக்கு அது கேட்டாத்தான் தூக்கமே வரும்" என்றாள்.

"நானா?" என்றேன்.

அவள் சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அது எங்க வீட்டு மனுஷனின் வார்த்தை என்று.

நாற்பத்தேழு நிமிடம் பேசியிருக்கிறோம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

டிரைவர் வீட்டம்மாவிடமிருந்து ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்து ரோட்டு விபத்துச் செய்திகளைத் தினமும் தேடிப் பார்க்கிறேன். இது ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது.

மே 6, செவ்வாய்

தேடலில் முதல் பக்கத்திலிருந்து விழுந்து, இரண்டாவது பக்கத்திலிருந்தும் விழுந்து, இப்போது எங்கே இருக்கிறேன் என்று தேடக்கூடச் சலிப்பாக இருக்கிறது. கமிஷன் வருவது இல்லை என்றே சொல்லலாம். தலையணை இணைப்புகளை எடுத்துவிட்டேன். பிறகு எங்கிருந்து வரும்?

ஒரு வக்கீல் ஆபீசில் வாரத்துக்கு மூன்று நாள் டைப்பிங் கிடைத்திருக்கிறது. மெஷின் அடித்ததைத் திருத்துகிற வேலை. "மனு" என்று சொன்னதை அது "மண்" என்று அடிக்கிறது. வக்கீல் அம்மாவிடம் காட்டினேன். அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. மத்தியானச் சாப்பாட்டை நான்கு பேர் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். முதல் நாள் என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

வீட்டில் இருக்கிற நாட்களில் குடைகளைப் பற்றி ஒரு சைட் தொடங்கியிருக்கிறேன். கம்பி வளைந்தால் எப்படி நிமிர்த்துவது, துணி கிழிந்தால் எப்படித் தைப்பது. இரண்டு குடை வாங்கி நானே உடைத்து நானே சரிசெய்து பார்த்துத்தான் எழுதுகிறேன். மெதுவாகப் போகிறது. ஒரு விரலில் கட்டு.

மே 25, ஞாயிறு

மகளுக்கு லீவு கிடைக்கலாம் என்கிறாள். நம்ப வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 11, புதன்

கூப்பிட்டார்.

குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். டிரைவர் வீட்டம்மாவின் எண்ணைத் திரையில் பார்த்ததும் இடுக்கி கையிலிருந்து நழுவிவிட்டது. எடுக்கப் பயமாக இருந்தது. விபத்தென்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்றே நினைத்தேன்.

"நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றுதான் ஆரம்பித்தார்.

குடையை மடியிலிருந்து இறக்கி வைத்தேன்.

என்னோடு பேசிய அன்று அந்தத் தலையணையைத் தூக்கி மொட்டைமாடியில் எறிந்தாராம். மூன்று நாள் கணவரிடம் வாயே திறக்கவில்லையாம். நான்காம் நாள் விஷயத்தைச் சொல்லி, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாராம். ஒரு ராத்திரி ஒயர்களை மாட்டிப் படுக்க வைத்தார்கள். மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு நின்றதாம். "இவரு உயிரோட இருக்கறதே பெருசுங்கற மாதிரி அந்த டாக்டர் பார்த்தாருக்கா" என்றார். அக்கா என்ற சொல் தானாக வந்துவிட்டது. வந்ததை இருவருமே கவனித்தோம்.

அவர்கள் பயந்தபடியே கம்பெனி பஸ்ஸிலிருந்து இறக்கியது. இரண்டு மாதம் டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தது. சம்பளம் குறைந்தது, வீட்டில் சண்டை, எல்லாம் நடந்தது. இப்போது தூங்கும்போது முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொள்கிறார். தலைவலி போய்விட்டது. போன திங்கட்கிழமை மறுபடி பஸ்ஸைக் கொடுத்துவிட்டார்கள்.

"இப்ப சத்தமே இல்லக்கா. எனக்குத்தான் தூக்கம் வர மாட்டேங்குது. எழுந்து எழுந்து பார்க்கறேன்."

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் ஏதோ சொன்னது. டிரைவர் வீட்டம்மா அவரை அதட்டினார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இவரு கேக்கச் சொல்றாரு. அந்த இல்லாத மனுஷனுக்கு இப்ப பரவாயில்லையான்னு."

சிரித்தேன். அங்கே அவரும் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். பிறகு கோபம் ஞாபகம் வந்தவர்போல, "சரி, வெக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

கீழே விழுந்த இடுக்கியைத் தேடி எடுக்க ரொம்ப நேரமாயிற்று. கண் சரியாகத் தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

குறட்டை சைட்டை விற்க வேண்டாம், மூடவும் வேண்டாம் என்று முடிவு. தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதினேன். டாக்டர்கள் குரலில் பன்னிரண்டு வருடம் கேட்ட தெளிவோடு எழுதப் பார்த்தேன். விற்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. நாற்பத்து மூன்றாவது இடம். இருக்கட்டும். அந்த ஆழம் வரைக்கும் தோண்டி வருகிறவர்கள் நிஜமாகவே பயந்துபோய்த் தேடுகிறவர்களாக இருப்பார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

டிக்கெட் எடுத்துவிட்டாளாம்.

ஜூலை 19, சனி

காலை ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு விமானம், ஒரு பஸ். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. குளித்துவிட்டு என் கட்டிலில் சாய்ந்தவள்தான்; பேசிக்கொண்டே இருந்தாள், பாதி வாக்கியத்தில் தூங்கிவிட்டாள். மெலிந்திருக்கிறாள். கணுக்காலில் கிடங்குப் பூட்ஸ் அழுத்திய தடம்.

இப்போது மணி பன்னிரண்டரை. குறட்டை விடுகிறாள். கதவு வரைக்கும் கேட்கிறது. மேசையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவதை நிறுத்திவிட்டு நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

சற்று முன் தரகர் கூப்பிட்டார். குடை சைட்டை யாரோ விசாரிக்கிறார்களாம். வழக்கம்போல இருமிவிட்டு உரத்த குரலில் "மேடம்!" என்றார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, கால் விரல்களை ஊன்றி வெளி வராந்தாவுக்கு வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றேன். "வீட்ல ஆள் தூங்குது."